துரை இல்லாத உடம்பு

ஹட்டன் கடைவீதியில் பேக்கரிக்கு மேல்மாடி. அங்கே நடந்த தாதியர் வகுப்பில் உடற்கூறு படிப்பித்த பிரேமினிக்கு வெள்ளைக்காரன் பேர் என்றாலே ஆகாது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அங்கே மலைக்கு ஒரு துரை பேர், தண்ணீர் ஓடும் கானுக்கு ஒரு துரை பேர். ஹண்டர் துரை குதிரையோடு விழுந்த கான் இன்றைக்கும் ஹண்டர் கான்தான். துரை எழும்பவேயில்லையாம், குதிரை மட்டும் மறுநாள் விடிய ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு வந்து ஆட்களோடு வரிசையில் நின்றதாம்.

அதனால் பிரேமினியின் வகுப்பில் உடம்புக்குள் ஒரு துரையும் நுழைய முடியாது. குதிகால் தசைநாண், கருக்குழாய், உள்தொடைக் கால்வாய் என்று எல்லாவற்றுக்கும் இருக்கிற இடமும் செய்கிற வேலையுமே பேர்.

“செத்த தொரைங்க மலையில கெடக்குறது போதாதா? நம்ம தொடைக்குள்ளயும் வந்து குந்தணுமா?” என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கூடப் படிப்பித்த றோலண்ட் மாஸ்டர் சிரிக்கவில்லை. “நேர்முகத்துல கேள்வி கேக்குறவரு ஒங்க லயத்து ஆளு இல்ல டீச்சர். அந்த இங்கிலீசுப் பேரையும் சேத்துச் சொல்லிக் குடுத்துருங்க.”

“புரிஞ்சாப் போதும் மாஸ்டர். பேரு எதுக்கு?”

வகுப்பில் பிரேமினியின் தோட்டத்துப் பிள்ளை நிஷாந்திக்கு நன்றாகவே புரிந்தது. அம்மா ராக்காயி கொழுந்து எடுப்பவள். உள்தொடைக் கால்வாய் என்றதும் நிஷாந்தி பாவாடைக்கு மேலாகவே விரலால் கோடு இழுத்து, இரத்தக்குழாய் இப்படி இறங்கி முழங்காலுக்குப் பின்னால் போகிறது என்று காட்டுவாள். கொழும்பில் தாதியர் பள்ளி நேர்முகத்தில் தேறினால் தங்கிப் படிக்கலாம். தேறாவிட்டால் தோட்டத்து வேலைதான். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

நேர்முகத்தில் கொழும்பு டொக்டர் முதலில் எந்தத் தோட்டம் என்று அன்பாகத்தான் விசாரித்தார். அதே மூச்சில், “சரி, ஹண்டர்ஸ் கெனால் எங்க இருக்கு?” என்றார்.

“ஏழாம் நம்பர் மலையில சார். வருசா வருசம் எங்கப்பாதான் அந்தக் கான வெட்டித் துப்புரவாக்குறாரு.”

அறையே சிரித்தது. அவர் கேட்டது அந்த உள்தொடைக் கால்வாயைத்தான், இங்கிலீசில் அதற்கு ஹண்டர் என்று வேறொரு வெள்ளைக்காரன் பேர் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த கேள்விகளும் அப்படியே பேர்களாக வந்தன; நிஷாந்தி தேறவில்லை.

சேதி கேட்டு பிரேமினி லயத்துக்கு ஓடினாள். “அடுத்த வருசம் திரும்பப் போவலாம் நிஷாந்தி. நான் கூட வாரேன்.”

நிஷாந்தி கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள்: “தோட்டத்துல பேரு பதிஞ்சாச்சு டீச்சர்.”

ராக்காயி தேத்தண்ணியை நீட்டினாள். “நீங்க பேரு வேணாமுன்னு படிச்சுக் குடுத்தீங்க. தோட்டத்துத் தொரை உடனே பேரு குடுத்துட்டாரு. குடிங்க, ஆறிப்போவுது.”



திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பிரேமினி ஹண்டரில் தொடங்கி கரும்பலகை நிறைய வெள்ளைக்காரப் பேர்களாக எழுதினாள். ஒருத்தி கேட்டாள், “இவங்கல்லாம் யாரு டீச்சர்?”

“தொரைங்க,” என்றாள் பிரேமினி. “பாடமாக்கிக்கங்க.”