பல்லக்கா இறக்கிய காமாலை

வாரம் முழுக்க அவளுக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பார்த்து, பக்கத்துப் பல்லோடு வித்தியாசம் தெரியாதபடி நிறம் சேர்ப்பாள். விடுமுறை வந்தால் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். அண்ணி பயிற்சி கொடுக்கும் பெண்கள் ஹேண்ட்பால் அணிக்கு அவள் பல்லக்கா.

அரையிறுதிப் படங்களை வேறொருவர் எடுத்திருந்தார். அவற்றைப் பார்த்த அண்ணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு படத்தில் பிள்ளைகள் மஞ்சள், அடுத்ததில் பச்சை. கோல்கீப்பரின் அம்மா போனில் அழாத குறை: "மேடம், என் பொண்ணுக்குக் காமாலை ஏதும் இருக்குமோ?"

"இறுதி ஆட்டத்துக்கு நீ வர்றியா? ஃப்ளாஷ் மட்டும் கூடாது, பிள்ளைங்களுக்குக் கண்ணு கூசும்," என்றாள் அண்ணி.

"ஃப்ளாஷ் எதுக்கு அண்ணி? விளக்கு என்ன சேட்டை பண்ணுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அரங்கத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். ஒரு கோல் பக்கம் பழைய மஞ்சள் விளக்குகள், எதிர்ப்பக்கம் புதிய வெள்ளை விளக்குகள். மஞ்சள் பக்கத்தைக் கிடுகிடுவென்று பத்துப் படம் எடுத்தாள். பத்தும் பத்து நிறம். அந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமாக மூடும் ஷட்டருக்குத் தெரியும். ஒரு முழு மங்கலும் எரிதலும் ஒரே படத்துக்குள் அடங்கட்டும் என்று, வேகத்தை நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் குறைத்தாள். பத்துப் படமும் ஒன்றுபோல மஞ்சளாக வந்தன.

"இப்ப வழிக்கு வந்தே," என்று விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருந்தால் ஒரே திருத்தம் போதுமே.

வெள்ளைக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று அணித்தலைவி தன் துண்டை நீட்டினாள்.

"இது நீலம் போட்டு வெளுத்ததும்மா. இதை நம்பினா உங்க மூஞ்சியெல்லாம் ஆரஞ்சுப்பழம் ஆயிடும்."

பையிலிருந்து வேறெந்தச் சாயலும் கலக்காத சாம்பல் நிற அட்டையை எடுத்து, இரண்டு கோல்களின் முன்னாலும் பிடிக்கச் சொல்லிப் பக்கத்துக்கொரு படம் எடுத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "இவ்வளவு மெதுவா எடுத்தா கை கால் எல்லாம் கலங்கிடாதா?"

"குதிச்சு உச்சிக்குப் போனதும் ஒரு கணம் அப்படியே நிக்குறாங்க, பாருங்க. அங்க பிடிச்சிடுவேன்."

முதல் பத்து நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. எடுத்ததெல்லாம் புகை மாதிரி இருந்தது. அவள் அசரவில்லை. கேமராவை மறந்து பிள்ளைகளின் முழங்காலைப் பார்த்தாள். அது மடங்கியதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி அழுத்தினாள். இடைவேளைக்குள் கை பழகிவிட்டது. கடைசி நிமிடத்தில் இரு அணியும் சமம். மஞ்சள் விளக்கின் கீழ் அணித்தலைவி எம்பினாள். ஒன்று, இரண்டு. பந்து வலைக்குள் போய், அரங்கமே கூத்தாடியது.

மறுநாள் அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தாள். அந்தந்தப் பக்கத்தில் எடுத்த அட்டைப் படத்தை அளவுகோலாக வைத்துச் சாம்பலைச் சாம்பலாக்கியதும் மஞ்சள் கழுவிவிட்டாற்போல் இறங்கியது. நடுக்கோட்டில் எடுத்தவற்றில் மட்டும் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் வெள்ளை. அவற்றைத் தயங்காமல் அழித்தாள்.

"இத்தனையுமா?"

"மிச்சம் நாப்பது இருக்கு அண்ணி. நாப்பதும் முத்து."

அணித்தலைவியின் படம் அரங்க வாசலில் ஆளுயரத்துக்கு ஏறியது. அரங்க மேலாளரே போன் செய்து, அடுத்த போட்டிக்கும் வர முடியுமா என்று கேட்டார்.

"வர்றேன் சார். ஆனா ஒரு மணி நேரம் முன்னாடியே எல்லா விளக்கையும் போட்டு வெச்சிருக்கணும்," என்றாள்.