சக்களத்திக் கடை டீ

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் குருசாமிக்கு ஊரில் யாரைப் பார்த்தும் பொறாமை கிடையாது. எதிர்ச்சாரியில் ஏசி போட்டு பேக்கரி திறந்தார்கள். போய் ஒரு கேக் வாங்கித் தின்றுவிட்டு வந்தார். கூடப் படித்தவன் மூன்று மாடி கட்டினான். பால் காய்ச்சும் அன்று முதல் ஆளாகப் போய் நின்றார். பொறாமைப்பட எங்கே நேரம், பாய்லரை விட்டு நகர முடிகிறதா என்று சொல்லிக்கொள்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பொறாமை வந்தது. அதுவும் லேசாக வரவில்லை, வயிற்றுக்குள் அடுப்பு மூட்டி விறகைத் தள்ளியது மாதிரி வந்தது. காரணம் ஒரு கிளாஸ் டீ. அதைக் குடித்தவர் எட்வின்.

குருசாமி வன்னியம்பட்டிக்காரர். அப்பா பிறத்தியார் வயலில் வேலை பார்த்தார். எட்டாம் வகுப்பு முடித்த கையோடு குருசாமி ஒரு ஓட்டலில் கிளாஸ் கழுவப் போனார். கழுவிக்கொண்டே டீ மாஸ்டரின் கையைப் பார்த்துப் பார்த்துத் தொழில் பழகி, கல்யாணமான மறு வருஷம் சொந்தக் கடை போட்டார். இரண்டு பையன்களும் திருப்பூரில் இருக்கிறார்கள். கடையில் அவரும் மனைவி வெள்ளத்தாயும்தான். டீ போடுவது அவர், வடை சுடுவதும் கணவரைக் கிண்டல் பண்ணுவதும் அந்த அம்மாள்.

எட்வின் அந்த எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். நாலு கடை தள்ளி ஒரு பால்கோவா கடையின் பின்கட்டில், அகலமான இரும்புச் சட்டியில் பாலை ஊற்றி, விறகு அடுப்பில் அது சுண்டச் சுண்டக் கிண்டுகிறவர். மீசை அரும்பிய காலத்தில் பிடித்த துடுப்பை இன்னும் விடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குருசாமி கடை பெஞ்சில் சுவரோரமாக உட்காருவார். அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "அண்ணாச்சி, செத்த தள்ளி உக்காருங்க, ஆள் வரும்" என்று குருசாமியே கிளப்பி விடுவார். வந்து உட்கார்ந்து எட்வின் கேட்பது வெந்நீர். பாய்லரில் பிடித்த வெறும் வெந்நீர்.

டீக்கடைக்காரரின் உயிர்ச் சினேகிதர் டீ குடிக்க மாட்டார் என்பதில் தெருவுக்கே ஒரு சந்தோஷம். "உங்க டீ லட்சணம் அவருக்குல்ல தெரியும்" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் வம்புக்கு இழுப்பார்கள். குருசாமியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். கடை திறந்த அன்று முதல் கிளாஸை அவர் எட்வின் கையில்தான் கொடுத்தார். பாய்லருக்கு மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்றது. எட்வின் ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்கு முகம் கோணியது. மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. உடைத்த பூசணிக்காய் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். "மொத டீயே இப்படியா" என்று குருசாமியின் மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு குருசாமி அவரை டீ குடிக்கச் சொன்னதில்லை, எட்வினும் கேட்டதில்லை. அந்தப் பேச்சையே இருவரும் எடுப்பதில்லை.

எட்வினின் மகள் ஜெபாவை ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிற ஒரு பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அதிலிருந்து எட்வின் சில சாயங்காலங்களில் பேத்தியைப் பார்க்க ராஜபாளையம் போய்விடுவார். பெஞ்சில் சுவரோரம் காலியாகக் கிடக்கும். பேத்தி முகம் பார்க்கப் போகிறவனைக் குறை சொல்ல முடியுமா என்று குருசாமியும் சும்மா இருந்தார்.

பாய்லர் குழாய் ஒழுகுகிறதென்று மாற்றுக் குழாய் வாங்க அவரும் ஒரு நாள் ராஜபாளையம் போனார். திரும்பி வரும் பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால், ஒரு டீக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு எட்வின் உட்கார்ந்திருக்கிறார். கையில் கிளாஸ். ஊதுகிறார், உறிஞ்சுகிறார், என்னவோ சொல்கிறார். தொப்பி போட்ட கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. கிறிஸ்துமஸுக்குக் குருசாமி எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டையைத்தான் எட்வின் போட்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த சட்டையில் போய் அடுத்தவன் கடையில் உட்கார்ந்திருக்கிறானே என்று குருசாமிக்குக் காது மடல் சுட்டது.

கடைக்கு வந்ததும் வெள்ளத்தாய் கேட்டாள். "என்ன, சக்களத்தி வந்த மாதிரி மொகத்தத் தூக்கி வச்சிருக்கிய?"

குருசாமி பஸ்ஸிலிருந்து பார்த்ததைச் சொன்னார்.

"டீதானே குடிச்சாக. கொலையா பண்ணிட்டாக?"

"ஏட்டி, என் கடையில வாந்தி எடுத்தவன் அங்க உக்காந்து ஊதி ஊதிக் குடிக்கான். ஒனக்குச் சிரிப்பா இருக்கு!"

"அப்ப சக்களத்தியேதான்" என்று அவள் வடையைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் எட்வின் வழக்கம்போல வந்தார், வெந்நீர் வாங்கிக்கொண்டார். குருசாமி முகம் கொடுக்காமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எட்வினும் செத்த நேரம் கிளாஸையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ஏலே குருசாமி, ஒரு ரோசனை சொல்லு" என்றார். "நம்ம வயசுல ஒருத்தன் புதுசா டீ குடிக்கப் பழகுதான்னு வையி. எப்படிக் குடிக்கணும், எதப் பாத்துக்கிடணும்?"

"ஆரு அது?"

"தெரிஞ்ச ஆளு."

தெரிந்த ஆளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்று குருசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் எத்தனையோ பேருக்கு அவர் யோசனை சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றில் குடிக்காதே, சோறு தின்ற கையோடு குடிக்காதே, முதலில் லைட்டாகக் கேள், சீனியைக் குறை, நாக்கு பழகுகிறவரை ஒரே கடையில் குடி. அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே கடை என்றதும் எந்தக் கடை என்று நினைப்பு ஓடியது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார்.

"நம்ம வயசுலயா? வேண்டவே வேண்டாம்னு சொல்லு. பழகாத வயித்துல டீ எறங்குச்சுன்னா குடல் வெந்து போயிரும். தூக்கம் போயிரும். கை நடுங்கும். கைய வச்சுப் பொழைக்கிற ஆளுன்னா தொட்டே பாக்கக்கூடாது."

எட்வின் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "நடுங்குமோ?"

"நடுங்கும். அதுவும் வெளியூர்த் தண்ணின்னா கேக்கவே வேண்டாம்."

"ஒனக்கு நடுங்கலையே?"

"நான் சின்னதுல பழகுனவன். ஒடம்பு ஏத்துக்கிட்டு."

எட்வின் கொஞ்சம் யோசித்தார். "சரி. டீயப் பத்தி ஒனக்குத் தெரியாததா. வேண்டாம்னு சொல்லிருதேன்" என்று மிச்ச வெந்நீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

குருசாமி அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. உண்மையிலேயே விட்டுவிட்டானா, இல்லை இங்கே தலையை ஆட்டிவிட்டு அங்கே போய்க் குடிக்கிறானா? ராஜபாளையம் போய் வந்த நாட்களில் எட்வின் பக்கத்தில் வந்தால், வாயில் டீ வாசம் வருகிறதா என்று மூக்கை நீட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அதைவிட இன்னொரு அரிப்பு. அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கடையில்?

கடைசியில் ஒரு நாள் கடையை வெள்ளத்தாயிடம் விட்டுவிட்டு, டீத்தூள் பார்க்கப் போறேன் என்று கிளம்பினார். "சக்களத்தியப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க" என்று அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

கடைக்காரர் பெயர் பிச்சை முகம்மது என்று பலகையில் எழுதியிருந்தது. குருசாமி அதே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். ஆற்றுகிற கையைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார், பால் எத்தனை தடவை பொங்கியிருக்கும் என்று பார்த்தார். சீனி கொஞ்சம் கூட. மற்றபடி டீ நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"பாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து எட்வின்னு ஒருத்தர் இங்க வருவாரே?"

"நம்ம கோவா மாஸ்டரா? இப்பவும் பேத்தியப் பாக்க வாராரு. கைய ஆட்டிட்டு அப்படியே போயிருதாரு. டீய விட்டுட்டாரு."

குருசாமிக்கு நெஞ்சில் குளிர்ந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அவருக்குத்தான் டீயே ஆகாதே. எப்படிக் குடிக்க வச்சிய?"

"மக ஆஸ்பத்திரியில இருக்கும்போது வந்து வெந்நீ கேட்டாரு. டீ குடிங்கன்னேன், ஆகாதுன்னாரு. ஆகாதது டீயா பாலான்னு கேட்டேன். மனுசன் முழிக்காரு. விடிஞ்சதுல இருந்து பால் ஆவிய மூஞ்சில வாங்குதவரு அண்ணாச்சி. பால் வாசம் வந்தாலே கொமட்டுமாம். பொறவு பால் ஊத்தாம, இஞ்சி தட்டிப் போட்டு வெறும் டீயாக் குடுத்தேன். குடிச்சிட்டு அழுகாத கொறதான்."

குருசாமி கிளாஸைக் கீழே வைத்தார். எட்வின் பால்கோவாவைத் தொட மாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். பார்த்துப் பார்த்துத் திகட்டிப்போச்சு என்று குருசாமிதான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். டீயிலும் அதே பால்தான் இருக்கிறது என்பது அத்தனை வருஷமாகப் பாலும் டீயும் கலந்த கைக்குத் தோன்றவில்லை. கடை வாசலில் வாந்தி எடுத்தவனிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

பாய் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "அவரு கூட்டாளி ஒருத்தர் அங்க டீக்கடை வச்சிருக்காராம். கடை தொறந்த அன்னிக்கு இவரு வாந்தி எடுத்து அசிங்கப்படுத்திட்டாராம். நாக்கு நல்லாப் பழகட்டும் பாய், பொறவு அவன் கடையில போயி ஒரு சொட்டு சிந்தாமக் குடிச்சுக் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசியில அந்த ஆளே வேண்டாம்னுட்டாராம். டீக்கடைக்காரனே டீ வேண்டாம்னு சொல்லுவானா? அவன்லாம் என்ன மனுசன் அண்ணாச்சி?"

"கூறுகெட்ட பயலா இருப்பான்" என்றார் குருசாமி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்சி எம்புட்டுத் தட்டிப் போட்டிய?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்னொரு டீக்கடைக்காரரிடம் கேட்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பொறாமை குறையவில்லை, கூடியிருந்தது. தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, முன்பின் தெரியாத ஒரு மனுசன், வெந்நீர் ஊற்றுகிற நேரத்தில் கேட்டுவிட்டார். டீயைவிட அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் எட்வின் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். "வெந்நீ குடுலே."

குருசாமி பால் சட்டியை மூடித் தள்ளி வைத்தார். அன்றைக்கு வாங்கிய புது வடிகட்டியை எடுத்தார். பால் வாசமே இல்லாமல் ஒரு கிளாஸை இரண்டு தடவை கழுவி, இஞ்சி தட்டிப் போட்டு, பால் சேர்க்காத டீயைக் கொண்டுபோய் நீட்டினார். எட்வின் கிளாஸின் நிறத்தைப் பார்த்தார். பிறகு குருசாமியைப் பார்த்தார்.

"ராஜபாளையம் போனியோ?"

குருசாமி கிளாஸை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"நீதானலே குடல் வெந்துரும்னே? கை நடுங்கும்னே?"

"அது சக்களத்திக் கடை டீக்குச் சொன்னது. இதக் குடி."

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். வெள்ளத்தாய் அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். எட்வின் ஊதி ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய். குருசாமியின் கண் தன்னையறியாமல் வாசலுக்குப் போய்த் திரும்பியது. எட்வின் கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"மூணாவது வாயும் உள்ள போயிருச்சுலே" என்றார்.

குருசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். குரல் சரியானதும் சொன்னார்:

"இனிமே ராஜபாளையம் போனா அங்க வெந்நீ மட்டும் வாங்கிக் குடி, போதும்."