தடித்த பெல்ட்டும் தாயின் குரலும்

மார்ச் 9, சனிக்கிழமை. காலையில் தூறல், நண்பகலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், கடைக்குள் மின்விசிறியைக்கூடப் போடாமல் ஒரு பழைய டேப் ரெக்கார்டருக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதை அனுப்பியவர் அவருடைய தமக்கை. வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகவிருந்த அவர், பரணில் கிடந்த அந்தப் பெட்டியையும், சிறுமியாக இருந்தபோது கண்டதையெல்லாம் பதிந்து விளையாடிய ஒரு கேசட்டையும் தம்பிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வியும் வந்திருந்தது: இதுநாள்வரை தம்மோடிருந்த தந்தையை இனித் தம்பி வைத்துக்கொள்வாரா?

மெக்கானிக் பிடி கொடுக்கவில்லை. தந்தை பேருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர்; வண்டிகளை விரட்டிய குரலிலேயே பிள்ளைகளையும் விரட்டியவர். தாயோ, மெக்கானிக்குக்குப் பள்ளி வயது வருமுன்பே இறந்துவிட்டார். தாம் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அது தாய்தான் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. வேறு யார் அப்படிப் பேசியிருக்க முடியும்?

பெட்டியின் ரப்பர் பெல்ட் உருகிப் பிசுபிசுத்திருந்தது. வியாழனன்று, தையல் மோட்டாரின் பெல்ட் ஒன்றை அளவாக வெட்டி ஒட்டி மாட்டினார். கேசட் ஓடியது.

"கண்ணு, பயப்படாத. காய்ச்சல் இப்ப ஓடிரும் பாரு. நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

தொலைபேசி வழியே கேட்ட தமக்கை, "அம்மாடா" என்று அழுதார். மெக்கானிக்கும் அழுதார். தந்தையை வைத்துக்கொள்ள முடியாது என்று தாம் சொல்வதற்குச் சாட்சியே கிடைத்துவிட்டதுபோல் இருந்தது.

இன்று சாப்பாடு கொண்டுவந்த மனைவியும் அதைக் கேட்டார்.

"ஏங்க, சின்ன வயசுல நீங்க என்ன சுண்டெலியா? கீச்சுக் கீச்சுன்னு இருமுறீங்க."

"கிண்டல் பண்ணாம கேளு."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். பின்னால ஓடுற கடிகாரம் இதுதானே?" பழைய வீட்டிலிருந்து கடைச் சுவருக்கு வந்திருந்த ஊசல் கடிகாரத்தைக் காட்டினார். "இது ஆமை மாதிரி போகுது. அதுல மட்டும் குதிரை மாதிரி ஓடுதே?"

மெக்கானிக் இரண்டையும் மாறி மாறிக் கேட்டார். தையல் இயந்திரத்தில் வேகம் மிதிப்பவரின் காலில் இருக்கிறது. பெல்ட் வழுக்காமல் இருந்தால் போதும். அதன் தடிமனை யாரும் பொருட்படுத்துவதில்லை. டேப் ரெக்கார்டருக்குக் கால் ஏது? தடித்த பெல்ட் மோட்டாரின் சின்னச் சக்கரத்தைப் பெரிதாக்கி, நாடாவைத் தலைதெறிக்க ஓட்டியிருந்தது; வேகத்தோடு குரலும் கீச்சென்று ஏறியிருந்தது.

அடுத்த தெருவின் ரேடியோ கடையிலிருந்து மெல்லிய பெல்ட் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். இரு கடிகாரங்களும் ஒன்றாக நடந்தன. குரல் மெல்லக் கீழே இறங்கியது.

"இது மாமா குரல் இல்ல?" என்றார் மனைவி.

தலைமாட்டிலிருந்து தாய் எழுந்து போய்விட்டார். அங்கே தந்தை உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் தடித்த பெல்ட்டை மறுபடி மாட்டினார், தாய் வந்தார். மெல்லியதை மாட்டினார், தந்தை வந்தார். ஒருவேளை இது வேறொரு காய்ச்சலோ? தமக்கு நினைவிருப்பது எது, தாமே நினைத்துக்கொண்டது எது?

"சோறு ஆறுது. அந்தப் பெல்ட்டை விடுங்க, அதுவாவது பிழைக்கட்டும்."

அந்நேரம் தமக்கை அழைத்தார். "அம்மா குரலை இன்னொரு தடவை போடுடா."

போட்டார். மெல்லிய பெல்ட்டை மாற்றவில்லை.

"டேய், என்னடா பண்ணின?"

"பெல்ட்டை மாத்தினேன்க்கா."

"இது அப்பாடா."

"ஆமா."

"அப்ப அம்மா?"

"தெரியலக்கா. கடிகாரம் இப்பதான் சரியா ஓடுது."

"பாவி, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே." தமக்கை மூக்கை உறிஞ்சினார். "அவரு பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு. அவருக்கும் கேட்டுச்சு. என்னைப் பார்க்காம ஜன்னலையே பார்த்துட்டு இருக்காரு."

"ஏதாவது சொன்னாரா?"

"அவரு என்னைக்குடா சொல்லியிருக்காரு? திங்கக்கிழமை சாமான் ஏத்த லாரி வருது. அப்பாவுக்கு நீ என்னதான் சொல்ற?"

"இங்கயே வரட்டும்."