புலுனிக் கூடு

எனக்குச் சீதனமாய் வந்த புளியங்கூடல் வீட்டு வேலியில் புலுனிக் குருவி ஒன்று கூடு கட்டியிருக்கிறது. நாளைக்கு வேலியைப் பிடுங்கி மதில் கட்ட மேசன் வருகிறார். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் கூட்டடியை விட்டு அசையவில்லை.

"நீ சித்தி வீட்டை போட்டு வா பிள்ளை. கூட்டை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் என் கணவர்.

எனக்குச் சுரீரென்றது. இதே வேலியடியில் நின்று என் அப்பாவும் அப்படித்தான் சொன்னவர்.

அப்போது எனக்கு எட்டு வயது. மாரிக்கு முன்னம் வேலி அடைக்கிற நேரம், முற்றமெல்லாம் காய்ந்த பனையோலை மணம். வேலிக்கு நட்டுத் தழைத்திருந்த கிளுவைக் கதியாலில் ஒரு புலுனிக் கூடு இருந்தது. உள்ளே, வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தில் தோய்த்தெடுத்த மாதிரி முட்டைகள். அந்தக் கதியாலை வெட்ட வேண்டாமென்று அழுதேன்.

"ஓம் பிள்ளை, தொடமாட்டம். நீ மாமி வீட்டை போட்டு வா."

நம்பிச் சுருவிலில் இருந்த மாமி வீட்டுக்குப் போனேன். அடுத்தநாள் திரும்பி வந்தால், வேலி ஒரு பொட்டு இடைவெளியில்லாமல் அடைத்திருந்தது. கதியால் மொட்டையாக நின்றது.

"குஞ்செல்லாம் பறந்திட்டுது" என்று அப்பா என் தலையைத் தடவினார்.

நான் போகும்போது அவை முட்டைகள். அது அவருக்கும் தெரியும். கூட்டை வெட்டினதையாவது பொறுத்திருப்பேன். என்னை அவ்வளவு மொக்கு என்று நினைத்தாரே!

சித்தி வீட்டுக்குப் போக மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"கழட்டு" என்றேன். "மேசன் போகுமட்டும் நீ ஒரு இடமும் போகவேண்டாம்."