பாட்டு முடியும்வரை

அடுத்த அடியும் முதல் அடி விழுந்த இடத்திலேயே விழுந்தது. சுவரில் ஊன்றியிருந்த டெல்ஃபினின் கை வழுக்கியது. பின்தொடையில் தோல் கிழிந்து கால்சட்டை ஒட்டிக்கொண்டது.

"சுவரைப் பிடிடா, தீவுக்காரா! பாட்டு இன்னும் பாதிகூட வரல."

சொன்னவன் ரொமுலோ. சட்டப் படிப்பில் கடைசி வருஷம், கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்றுக்குத் தலைவன். அவன் கையில் துடுப்புபோலச் செதுக்கிய பலகை.

மணிலாவுக்கு வெளியே, அந்திபோலோ மலையடிவாரத்தில் வாடகை வீடு. ஞாயிறு மதியம். அலறல் வெளியே கேட்காமலிருக்க, மைக் வைத்த பாட்டு மெஷினைக் கொண்டுவந்திருந்தார்கள். அடி வாங்குகிறவனே பாட்டைச் சொல்ல வேண்டும். யாராவது பாடுவான். பாட்டு முடியும்வரை அடி. டெல்ஃபினுக்கு இந்த வழக்கம் தெரியாது. என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டபோது, உபசரிக்கிறார்கள் என்று நினைத்து, அம்மா துணி துவைக்கும்போது பாடும் பழைய காதல் பாட்டைச் சொல்லிவிட்டான். நடுவில் கிதார் மட்டும் நெடுநேரம் வாசிக்கும். அப்போதும் அடித்தார்கள்.

நேக்ரோஸ் தீவுக் கல்லூரியிலிருந்து மணிலாவுக்கு மாறி வந்தவன் அவன். வந்த வாரமே எதிர்க்கூட்டத்துப் பையன்கள் ஜீப்னி வண்டி நிறுத்தத்தில் அவன் முன்பல்லை உடைத்தார்கள். கூட்டம் இல்லாதவனை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இங்கே சேர்ந்துவிட்டால் அது நிற்கும். அறைத்தோழன் வெண்டல் அதே கப்பலில், அதே கல்லூரியிலிருந்து வந்தவன். "நீ போனா நானும் வரேன்" என்று கூடவே வந்துவிட்டான்.

பாட்டு முடிந்தது. மெஷின் எக்காளம் ஊதிப் பாடியவனுக்குத் தொண்ணூறு மதிப்பெண் போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ரொமுலோ டெல்ஃபினைக் கட்டிக்கொண்டான்.

"இனிமே நீ நம்ம பிரதர். உன் மேல எவனாவது கை வச்சான்னா செத்தான்."

பீர் கொடுத்தான். பிறகு பலகையைக் கொடுத்தான்.

"அடுத்தது உன் கூட்டாளி. நீதான் அடிக்கணும். மெதுவா அடிச்சா பாட்டு முதல்லேர்ந்து ஓடும். முடியாதுன்னா கதவு அங்க இருக்கு. ஜீப்னி எங்க நிக்கும்னு உனக்கே தெரியும்."

சமையலறையில் கண் கட்டி உட்கார்ந்திருந்த வெண்டலுக்கு எல்லாம் கேட்டிருந்தது. இழுத்து வந்து நிறுத்தியதும் யாரும் கேட்காமலே சொன்னான்: "தவளைப் பாட்டு, மாஸ்டர்."

பாலர் பள்ளிப் பிள்ளைகள் பாடுவது. மெஷினிலேயே அதுதான் சின்னது.

"கெட்டிக்காரப் பயடா!" ரொமுலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சரி, போடு தவளைய."

டெல்ஃபின் மெதுவாக அடித்தான்.

"முதல்லேர்ந்து."

கொஞ்சம் ஓங்கி அடித்தான்.

"கொசுவா ஓட்டற? முதல்லேர்ந்து."

தவளை மறுபடி மறுபடி குளத்தில் குதித்தது. பாடியவனுக்கே தொண்டை கட்டியது. ஓங்காத அடிகளே சேர்ந்து வெண்டலின் தொடையைக் கருநீலமாக்கிவிட்டன. அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்தான். ஊர்ப் பேச்சில் முனகினான்:

"நல்லா போடுடா. முடிச்சுத் தொலை."

டெல்ஃபின் பலகையை இரண்டு கையாலும் பிடித்தான். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தான். எலும்பில் பட்ட அதிர்ச்சி மணிக்கட்டுவரை வந்தது. நிறுத்தவில்லை. வெண்டல் மடங்கிச் சரிந்தபோது ஓங்கிய கை நிற்காமல் இறங்கியது. அந்த அடி இடுப்புக்கு மேலே, முதுகில் விழுந்தது.

பாட்டு முடிந்தது. மெஷின் நூறு போட்டது. கைதட்டினார்கள். வெண்டல் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை டெல்ஃபின் உட்கார முடியாமல் நின்றபடியே பண்டேசால் ரொட்டி தின்றான். ஆஸ்பத்திரியில், மணிலாவிலேயே வேலை பார்க்கும் வெண்டலின் அக்கா இருந்தாள். மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்று, ரொமுலோ சொல்லித்தந்தபடி அவளிடம் சொன்னான். "நீ கூட இருந்தியே தம்பி, அதுவே போதும்" என்றாள். சிறுநீர் கறுப்பாகப் போகிறதாம். மதியம் வகுப்புக்குப் போனான். ஜீப்னி நிறுத்தத்தில் பல்லை உடைத்த பையன்கள் நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டியில் இடம் இருந்தது. அவன் பின்படியில் தொங்கிக்கொண்டே போனான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது வெண்டலின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.