சுபேதார் கல்லில் ஐந்து பெரிய மனிதர்கள்

கல்லில் எழுத்து வெட்டிப் பிழைக்கிறவன், அடுத்தவன் எழுதிக் கொடுக்கும் பொய்யையும் ஆழமாகவே வெட்ட வேண்டும். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களே, அச்சுக் கோர்க்கிறவர்களே, உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் உண்டல்லவா?

பெயர் வரிசை

வெண்ணந்தூர்ப் பக்கத்து ஊரொன்றில் சுபேதார் மாரிமுத்துவின் சமாதிக் கல் உடைந்து கிடந்தது. மெசபடோமியாச் சண்டையில் மெடல் வாங்கிய மனிதர். அவர் செத்துப் பல வருஷமாகியும் எட்டிப் பார்க்காத ஊர்க் கமிட்டிக்கு, கலெக்டர் துரை பார்க்க வருகிறார் என்றதும் பக்தி பொங்கிவிட்டது. புதுக் கல்லுக்குக் கணக்கப்பிள்ளை கொண்டுவந்த காகிதத்தில் கமிட்டியார் ஐந்து பேரும் மேலே, பெரிய எழுத்தில். சுபேதார் அடியில், பொடி எழுத்தில். இது யாருடைய சமாதி என்று கேட்டேன்.

"செத்தவரா வந்து படிக்கப் போறாருங்க? இவங்கதானுங்க படிப்பாங்க."

பட்டம்

மறுநாள் கமிட்டித் தலைவர், ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் பண்ணாடியே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். 'சுபேதார்' என்பதை எடுத்துவிட வேண்டுமாம். துரை கேட்க மாட்டாரா என்றேன். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சொன்னபடியே வெட்டினேன். அந்தக் கோபம் இன்றும் என்மேல்தான்.

"எங்க பண்ணையத்துல ஏர் ஓட்டுனவன் மகன எங்க தலைமேல ஏத்தச் சொல்றியா?"

தகரப் பெட்டி

விழாவுக்கு மூன்று நாள் முன்பு சுபேதாரின் சம்சாரம் செல்லாயி பட்டறைக்கு வந்தார். படிக்கத் தெரியாதவர். புருஷனின் பட்டாளத்துப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்திருந்தார். மூடியில் 'சுபேதார் மாரிமுத்து' என்று வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. அவர் தினமும் துடைத்து வைத்த எழுத்து அது. பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் கல்லில் விரலால் தேடினார். பெயர் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் வெறும் கல்.

"பட்டாளத்துல குடுத்தத இங்க யாருங்க சாமி புடுங்குனது?"

திறப்பு

வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது, கல்லின் முகத்தையே கொத்தித் தள்ள வேண்டும். தள்ளினேன். ஐந்து பெயரும் தூளாகிப் போயின. பெட்டியில் இருந்தபடியே 'சுபேதார் மாரிமுத்து' என்று முழு அகலத்துக்கு வெட்டி, துணியால் மூடி அனுப்பினேன்.

துரை துணியை விலக்கி, தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றார். கமிட்டியார் முகத்தில் ஈயாடவில்லை. துரையே குனிந்த இடத்தில் நிமிர்ந்து நிற்க முடியுமா? ஐந்து பேரும் கைகூப்பினார்கள். செல்லாயி அழவில்லை, அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது பண்ணாடி என் காதருகே வந்தார்.

"இனி இந்தப் பக்கம் உளியோட வந்தீன்னா கை இருக்காது."

கை இருக்கிறது, அந்த ஊர் வேலைதான் போனது. ஐந்து பெரிய மனிதர்களை அந்தச் சமாதிக்கு முன்னால் கும்பிட வைத்ததற்கு அது ரொம்ப மலிவு.