தேங்காய் உடைத்த மைதானம்

தேங்காயை வாசலிலேயே பறித்துவிட்டார்கள். எறிந்தால் ஆளுக்குக் காயம் வரக்கூடிய பொருளாம். கண்ணாடிப் போத்தலும் தேங்காயும் அவர்களுக்கு ஒன்றுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அதை எறிந்தே காட்டியிருப்பேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பைகளைச் சோதித்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், சொறி. இதை உள்ள விட்டா என்ர ஜொப் போயிடும்."

வேலை போய்விடும் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். இதே மைதானத்தில், இப்படி ஒரு தேங்காயால், ஒரு காலத்தில் என்னுடைய வேலையும் போகப் பார்த்தது. அவள் தேங்காயில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் தட்டில் வைத்தாள். போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றாள். என்னோடு வந்த சிவா அண்ணை, தேங்காய்க்கு விசா இல்லைப்போல என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்தபடி நடந்தார்.

இடித்துக் கட்டிய இந்தப் புதிய கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் பார்க்கிறேன், வரவில்லை. விமான நிலையம் மாதிரி இருக்கிறது. எங்கு திரும்பினாலும் கண்ணாடி. பணக்காரர் வெளியே வராமலே மட்ச் பார்க்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஒரு பக்கம் முழுக்க அடுக்குமாடி வீடுகள், அவற்றின் பால்கனிகளில் காயும் துணிகள். பழைய மைதானம் அழகு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மரத்தால் செய்த பார்வையாளர் கொட்டகையில் இருந்து எழும்பினால் காற்சட்டை கிழியும். கழிவறைக்குத் தகரக் கூரை. லண்டனில் பெயர் பெற்ற மைதானங்கள் வேறு. இது குரோய்டனுக்கும் சட்டனுக்கும் நடுவில் கிடந்த ஒன்று. கவுண்டி அணி கோடையில் சில தடவைகள் வந்து ஆடிவிட்டுப் போகும். ஆனால் அங்கே நடந்து போனால் புல் மணக்கும். இப்போது பேர்கர்தான் மணக்கிறது.

எல்லைக் கயிறு வரைக்கும் இறங்கிப் போன பிறகுதான் அந்த மணம் கிடைத்தது. வெட்டிய புல்லோடு ஈரக் கன்வசின் புளித்த வாடை. அதோடு பெற்றோலும் தேத்தண்ணியும் சேர்ந்தால், அதுதான் பழைய மைதானத்தில் புல்லை அழுத்தும் ரோலர் நிறுத்தியிருந்த கொட்டில். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை அந்தக் கொட்டிலில்தான்.

அந்த நாட்களில் என்னுடைய அகதி வழக்கு குரோய்டனில் அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சிவா அண்ணை ஜெர்மனியில் இருந்து இங்கே வந்து சுவர் பூசும் வேலை செய்துகொண்டிருந்தார். மைதானத்துக் கட்டடத்தில் சுவர் பூசப் போன இடத்தில், மழை வந்தால் 'பிச்' என்ற நடு ஆடுகளத்தைக் கன்வஸ் போட்டு மூடுவதற்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, என்னிடம் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான், மழையில் நன்றாக ஓடுவான் என்று சொல்லியிருக்கிறார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குத் தந்த நற்சான்று அது ஒன்றுதான்.

மைதானத்தின் தலைமைப் பொறுப்பாளர் பிராங்க், தொண்டை கரகரத்த வெள்ளைக்காரர். முதல் துளி விழுந்ததும் அவர் ஒரு சத்தம் போடுவார். நாங்கள் கொட்டிலில் இருந்து பாய்வோம். அந்தக் கன்வஸ் ஒரு யானைத் தோல். ஆளுக்கொரு மூலையில் பிடித்துக்கொண்டு, காற்று அதைத் தூக்க, அது எங்களைத் தூக்க, ஒருவன் விழ, அவன்மேல் அடுத்தவன் விழ, கொட்டகையில் இருந்த சனம் எழும்பி நின்று கை தட்டும். மட்டை பிடித்தவர்களுக்குக் கூட அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. வழக்கு, வாடகை, வீட்டில் இருந்து வராத செய்தி எல்லாம் அந்த ஓட்டத்தில் மறந்து போகும். மழை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வேலைக்குப் போன ஆள் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிராங்குக்கு ஒரே ஒரு சட்டம். நடுவில் உள்ள பிச்சில் யாரும் கால் வைக்கக் கூடாது. கவுண்டி அணித் தலைவன் ஒருவன் தெருவில் போடும் சப்பாத்தோடு அதில் ஏறியதற்கு அவர் கொடுத்த பேச்சை இங்கே எழுத முடியாது.

எங்களுக்கும் அணி இருந்தது. குரோய்டன் தமிழருக்கு சிவா அண்ணை தலைவர். சட்டன் தமிழருக்கு மருந்துக்கடை மகேந்திரன் தலைவர். ஒவ்வொரு கோடையும் பூங்காவில் ஒரு மட்ச். சீமெந்துத் தரையில் பாயை ஆணி அடித்து விரித்து ஆடுவோம். நாய்கள் பீல்டிங் செய்யும். சிவா அண்ணைக்கு ஒரே ஆசை, சாவதற்குள் ஒரு தடவை உண்மையான புல்லில் பந்து போட வேண்டும். "ஜெர்மனியில பனங்கிழங்கு கூடக் கண்டனான் தம்பி. புல்லுப் பிச் ஒண்டு கிடைக்கேல்லை" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து, பிராங்கிடம் கேட்டாயா, கேட்டாயா என்று என் உயிரை எடுத்தார்.

ஒரு செப்டெம்பரில் கேட்டேன். கவுண்டி ஆட்டங்கள் முடிந்திருந்தன. பிராங்க் வெகு நேரம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஓம் என்றார். ஆனால் பிச்சுக்கு ஏதாவது நடந்தால் அடுத்த கோடை இந்தப் பக்கம் வராதே என்றார். அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரக் கொட்டகை நிறையத் தமிழ்ச் சனம். ஒரு பக்கம் மட்டன் ரோல்ஸ், ஒரு பக்கம் பிள்ளைகளின் கூச்சல். சிவா அண்ணை மடிப்புக் கலையாத வெள்ளையில் நடுவுக்கு நடந்து போனார். கையில் தேங்காய். பூங்காவில் ஒவ்வொரு முறையும் சீமெந்து விளிம்பில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவோம். இங்கே சீமெந்து இல்லை. அதனால் மனிதர் தன் வான் வண்டியில் இருந்து ஒரு செங்கல்லையும் கொண்டு போயிருக்கிறார். அதைப் பிச்சின் நடுவில் வைத்து, ஓங்கி ஒரே அடி. தேங்காய் இரண்டாகப் போனது. செங்கல் புல்லுக்குள் இறங்கியது. தண்ணீர் நேராக ஓடிப் பந்து குத்தும் இடத்தில் போய் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மடையன். பிறகுதான் கொட்டில் வாசலைப் பார்த்தேன். பிராங்க் கோப்பையோடு நின்றார். கோப்பையை வாய்க்கும் கொண்டு போகவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

அவர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். அதுதான் பயம். குனிந்து ஈரத்தைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்தார். இது என்ன என்றார். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். எதைத் தொடங்கினாலும் இதை உடைப்போம், அப்போதுதான் ஒரு பிழையும் நடக்காது என்று. பிராங்க் செங்கல் பதிந்த பள்ளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப இது என்ன?" என்று பள்ளத்தைக் காட்டினார்.

என் அடுத்த கோடை அந்தப் பள்ளத்துக்குள் கிடந்தது. அப்போது அவர் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. பிறகு மரத்தூள் எடுத்து வரச் சொன்னார். சிவா அண்ணை பூச்சுக் கரண்டியைக் கொண்டுவந்து பள்ளத்தைத் தடவத் தொடங்க, இது சுவர் இல்லை என்று பிராங்க் அதைப் பிடுங்கித் தானே முழந்தாளில் இருந்து திருத்தினார். பிறகு, வேறு என்னத்தை உடைக்கப் போகிறீர்களோ என்று தானே அம்பயராக நின்றார்.

மகேந்திரன் அன்றைக்கு அருமையாக அடித்துக்கொண்டிருந்தார். சிவா அண்ணையின் பந்து வந்து சேர்வதற்குள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். அப்படி வந்த ஒன்று அந்த ஈரத்தில் விழுந்தது. மரத்தூள் பறந்தது. பந்து எழும்பவே இல்லை. தரையோடு ஊர்ந்து போய் ஸ்டம்பைத் தட்டியது. மகேந்திரன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சிவா, தேங்காய்த் தண்ணி ஊத்தி விக்கெட் எடுக்கிறது எந்த நாட்டுச் சட்டம்?"

"நேர்த்தி வைச்சனான் மகேந்திரன். பலிச்சிட்டுது. நீ நட."

இரண்டு அணியும் நடுவில் திரண்டு கத்தின. பிராங்குக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் முழுதும் விளங்கிவிட்டது. பிச் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி மகேந்திரனை வெளியே அனுப்பினார். அவர் சொன்னது சரிதான். பின்னேரம் மகேந்திரன் அதே இடத்தில் பந்தைக் குத்தி சிவா அண்ணையின் ஸ்டம்பைப் பிடுங்கினார். கொட்டகையில் சிரித்த சிரிப்பில் மரப் பலகை ஒன்று உடைந்தது. யார் வென்றது என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சண்டை.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. ஏப்ரலில் பயந்து பயந்து போனேன். பிராங்க் கொட்டில் வாசலில் நின்றார். குட்மோர்னிங் கூடச் சொல்லவில்லை. தேங்காய் எங்கே என்றார். பிறகு கொட்டிலின் சீமெந்துப் படியைக் காலால் தட்டி, இதில் மட்டும்தான் என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தப் படியில் தேங்காய் உடைத்தோம். ஒரு பாதியைப் பிராங்க் தன் தோட்டத்து மரத்தில் குருவிகளுக்குக் கட்டித் தொங்கவிடுவார். மறு பாதி எங்கள் வீட்டில் சம்பல். எனக்கு விசா கிடைத்து, மின்சார வேலை பழகி, சொந்த வான் வாங்கிய பிறகும், ஏப்ரலில் அங்கே போவதை விடவில்லை.

பிறகு புதிதாகக் கட்டப் போகிறோம் என்று மைதானத்தைப் பலகை அடித்து மூடினார்கள். கூட்டம் வைத்து எங்களையும் கருத்துக் கேட்டார்கள். கொட்டிலை மட்டும் விடுங்கோ என்று சிவா அண்ணை எழும்பிச் சொன்னார். நன்றி என்றார்கள், இடித்தார்கள். பிராங்க் மகளோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். போன கிழமை போன் எடுத்து, புது மைதானத்தில் முதல் மட்ச், போய் உடைத்துவிட்டு எனக்குச் சொல் என்றார். அதற்காகத்தான் தேங்காயோடு போனேன்.

படி இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே தொப்பி விற்கிற கடை. தேங்காயை வாசலில் பிடித்துவிட்டார்கள் என்று பிராங்குக்குச் செய்தி அனுப்பினேன். அப்போ மழைதான் என்று பதில் வந்தது.

பின்னேரம் மழை வந்தது. முதல் துளி என் கையில்தான் விழுந்தது. ஒரு சின்ன வாகனம் கவரை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடுவுக்குப் போனது. அதில் ஒரே ஒருவன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். யாரும் ஓடவில்லை, விழவில்லை, கை தட்டவில்லை. சனம் தலையைக் குனிந்து போனைப் பார்த்தது.

நான் எழும்பிப் படிகளில் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்னால் யாரோ கத்தினார்கள். வெட்கத்தோடு திரும்பினேன். அந்த ஆள் கத்தியது என்னைப் பார்த்து இல்லை. முழங்கால் வலிக்காரர் சிவா அண்ணை, இரண்டு கையிலும் கன்வஸ் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிக்கொண்டு, ஓடத் தயாராக நின்றார்.